முகம் கலையாமல் ஓவியமாக்க முடியுமா?

கேள்வி: என் பாட்டியின் படத்தைக் கிம்ப் மென்பொருளில் எண்ணெய் ஓவியமாக மாற்றினேன். சேலையும் சுவரும் அழகாக வந்தன. கண்களும் முகச் சுருக்கங்களும் கலைந்துபோயின. என்ன செய்வது?
– ஒரு வாசகி

பதில்: பிழை உங்களுடையதன்று. எண்ணெய் ஓவியத் தோற்றம் தரும் ஆயிலிஃபை என்னும் வடிப்பான் (ஃபில்டர்), படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சுற்றியுள்ள சிறு வட்டத்தில் எந்த ஒளிச்செறிவு மிகுதியான புள்ளிகளில் இருக்கிறதோ அதையே அப்புள்ளிக்கும் தருகிறது. அதனால் சுவர் போன்ற பரந்த பரப்புகள் தூரிகைத் தீற்றல்களாகத் திரள, இமைமுடி, கண்மணியின் ஒளிப்பொட்டு போன்ற நுண்ணிய பகுதிகள் அண்டை நிறங்களில் கரைந்துவிடுகின்றன.

லேயரை (படம் இருக்கும் அடுக்கை) நகலெடுத்து, மேல் நகலில் மட்டும் வடிப்பானை இடுங்கள். அதற்கு வெள்ளை லேயர் மாஸ்க் (கறுப்பு தீட்டிய இடத்தில் அந்த அடுக்கை மறைக்கும் திரை) சேர்த்து, மென்மையான விளிம்புடைய தூரிகையில் கறுப்பு நிறத்தை எடுத்து, ஒப்பாசிட்டியை (நிறத்தின் அடர்த்தியை) 30 விழுக்காடு அளவில் வைத்துக்கொண்டு கண்களின் மீது சிலமுறை மெல்லத் தடவினால், கீழுள்ள அசல் படம் அங்கே தெளிந்து வரும். சுருக்கங்களுக்கு ஒருமுறை தடவினால் போதும். முழுவதும் மீட்டால் ஓவியத்தின் மேல் புகைப்படத்தை ஒட்டியதுபோல் உறுத்தும். பாட்டியின் முகத்தில் அந்தச் சுருக்கங்கள்தாம் உயிர் என்பது என் எண்ணம். ஆகவே இந்த வேலைக்குச் சற்றுப் பொறுமையாக நேரம் கொடுங்கள்.

வடிப்பான் கணக்கில் கொள்ளும் அந்தச் சிறு வட்டத்தின் ஆரம் படத்தின் அளவைப் பொறுத்தது. 1000 புள்ளி அகலத்தில் ஆரம் 4 தரும் தோற்றத்தை 4000 புள்ளி அகலத்தில் பெற, ஏறத்தாழ 16 வேண்டும். எனவே அச்சிடும் அளவை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.