ரெண்டுங்கெட்டான் படிப்பா இது?

ஐயா, வணக்கம். "மகள் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு மூளையும் கண்ணும் படிக்கப் போகிறேன் என்கிறாள், ரெண்டுங்கெட்டானாக ஆகிவிடுவாளோ" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். மனிதரும் கணினியும் எப்படிப் பார்க்கிறார்கள் என்று ஆராயும் படிப்பு அது. அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பூனைப் படம். உருவத்தை அப்படியே விட்டுவிட்டு, உடம்பில் மட்டும் யானைத் தோலைப் போர்த்தினால் உங்களுக்கும் எனக்கும் அது பூனைதான். ஜெர்மனியில் டூபிங்கன் ஆய்வாளர்கள் இப்படிப் படங்கள் செய்து கணினிக்குக் காட்டி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். கணினி அதை யானை என்றது. நாம் உருவத்தைப் பிடித்துக்கொள்கிறோம், அது தோலைப் பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பார்க்கும் ஒன்றை நம்பிக் காரையும் ஸ்கேன் படத்தையும் ஒப்படைக்கலாமா? பதில் தேடுகிறவருக்கு நிரலும் எழுதத் தெரியவேண்டும், மனிதர்களை உட்காரவைத்துச் சோதனை நடத்தவும் தெரியவேண்டும். உங்கள் மகள் ஆசைப்படுவது இதற்குத்தான். எனக்கு அதில் சந்தோஷமே.

நேற்று முளைத்த துறையும் இல்லை. பூனையின் மூளை பார்வையை எப்படிக் கையாள்கிறது என்று ஆராய்ந்த ஹூபெலும் வீசலும் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அவர்கள் கண்டதை வைத்துத்தான் ஜப்பானிய ஆய்வாளர் ஃபுகுஷிமா 1980-இல், உருவங்களை அடையாளம் காணும் நியோகாக்னிட்ரான் என்ற கணினி மாதிரியை வடிவமைத்தார். படத்தைப் பார்த்து அடையாளம் சொல்லும் இன்றைய நிரல்கள் பல அந்த வழியில் வந்தவை.

சரி, எங்கே படிப்பது? பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யில் நரம்பியல் மையம் இருக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மனம் எப்படி வேலை செய்கிறது என்று ஆராயும் காக்னிடிவ் சயின்ஸ் துறை, ஹைதராபாத் ட்ரிபிள் ஐ.டி.யில் ஆய்வு வழி எம்.எஸ். வெளிநாடு என்றால் அமெரிக்காவில் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம், கனடாவின் டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகம். இரண்டிலும் பார்வை ஆய்வுக்கென்றே மையங்கள் உண்டு.

பணம்தான் உங்கள் பெரிய கவலை என்று தெரிகிறது. அமெரிக்காவில் இந்தத் துறைகளில் பிஎச்.டி. சேர்ந்தால் பெரும்பாலும் கட்டணம் கிடையாது, செலவுக்கு உதவித்தொகையும் வரும். எம்.எஸ். என்றால் பெரும்பாலும் நம் கைக்காசு. அதனால் இதற்காக வீட்டை அடமானம் வைத்து எம்.எஸ். அனுப்ப நான் சம்மதிக்கமாட்டேன்.

வேலையைப் பற்றியும் மறைக்காமல் சொல்கிறேன். ஐ.டி. கம்பெனிகள் போல மொத்தமாக ஆள் எடுக்க யாரும் கேம்பஸுக்கு வரமாட்டார்கள். தானியங்கிக் கார், கண்ணில் மாட்டிக்கொள்ளும் மெய்நிகர் (வி.ஆர்.) கண்ணாடி, மருத்துவப் படங்கள் என்று இடம் உண்டு, ஆனால் தேடிப் போகவேண்டும். அப்போது சோறு போடுவது உங்கள் மகளுடைய நிரலும் கணக்கும்தான். உளவியல் வகுப்பில் மூழ்கி அதைக் கைவிட்டால் நீங்கள் பயந்தது நடந்துவிடும். ஒரு கால் கம்ப்யூட்டர் சயின்ஸில் அழுத்தமாக ஊன்றியிருக்கட்டும், அப்புறம் மற்றக் காலை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

உடனே சேரவும் வேண்டாம். பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு எழுதட்டும். கூடவே ஒரு வருடம் ஏதாவது ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்து பார்க்கட்டும். சம்பளம் குறைவுதான், ஆனால் ஒரே சோதனையை நாற்பது பேரிடம் திரும்பத் திரும்ப நடத்தும்போது பொறுமை இருக்கிறதா என்று அவருக்கே தெரிந்துவிடும். கல்லூரிப் பெயரைவிட வழிகாட்டும் பேராசிரியர் முக்கியம். அவரிடம் இப்போது படிக்கிற இரண்டு மாணவர்களிடமாவது பேசச் சொல்லுங்கள். பேசிவிட்டு வந்தபின் இருவரும் சேர்ந்தே என்னைப் பார்க்க வாருங்கள்.