வாசகர் கேள்வி – பதில்: டோகாமாச்சியில் குளிர்காலம்

ஜப்பானின் நீகாட்டா மாகாணத்தில் உள்ள டோகாமாச்சி நகரில் ஆங்கில உதவி ஆசிரியராகப் பணிபுரியும் நம் கட்டுரையாளர், அந்நகரின் குளிர்காலத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு அவர் அளித்த பதில்கள் இவை.

ஜப்பானில் பனி என்றால் வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவுதான் நினைவுக்கு வருகிறது. டோக்கியோவிலிருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஓர் ஊரில் ஆள் உயரத்துக்கு மேல் பனி சேர்கிறது என்பதை நம்ப முடியவில்லையே? – மதுரை வாசகர்

டோக்கியோவில் வசிப்பவர்களில் பலரே முதல் முறை இங்கு வரும்போது திகைத்துத்தான் போகிறார்கள். அதிவேக ரயில் 22 கிலோமீட்டர் நீளமுள்ள தாய்ஷிமிசு சுரங்கப் பாதைக்குள் நுழையும்வரை வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மறுபக்கம் வெளியே வந்தால் தண்டவாளத்தைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

இங்கு பனி மிகுதியாக விழுவதற்குக் கடுங்குளிர் காரணம் அன்று. சைபீரியாவிலிருந்து வீசும் வறண்ட குளிர்காற்று, தெற்கிலிருந்து வரும் சுஷிமா நீரோட்டத்தால் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும் ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஏராளமான ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு, கரையைத் தாண்டியதும் எதிர்ப்படும் மலைத்தொடரில் மோதி மேலெழும்பி, அந்த ஈரத்தையெல்லாம் மலையின் இந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. ஜனவரியிலும் இங்கு வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்பதால், விழும் பனி ஈரமாகவும் கனமாகவும் இருக்கிறது. நகரில் சாதாரண ஆண்டுகளிலேயே இரண்டு மீட்டர் வரை பனி சேரும். 1945-ஆம் ஆண்டில் 425 சென்டிமீட்டர் பதிவாகியிருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரி 12 அன்று, இங்கிருந்து சற்றுத் தொலைவில் உள்ள மொரிமியானோஹாரா ரயில் நிலையத்தில் 7.85 மீட்டர் பனி அளக்கப்பட்டது. அந்த உயரத்தைக் காட்டும் கம்பம் இன்றும் நிலையத்தில் நிற்கிறது. கோடையில் அதனடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள் முதலில் நம்புவதில்லை.

பனிக்காலத்தில் ஓர் ஆசிரியரின் காலைப்பொழுது எப்படிக் கழியும்? – தஞ்சாவூர் வாசகி

பள்ளிக்கு எட்டு மணிக்குப் போனால் போதும் என்றாலும் ஐந்தரைக்கே எழுந்துவிட வேண்டும். விடியற்காலை மூன்று மணி அளவில் நகராட்சியின் பனி அகற்றும் வண்டி தெருவைத் துப்புரவாக வழித்துக்கொண்டு போகும். தெரு திறந்துவிடும், ஆனால் வழித்த பனி இருபுறமும் ஒதுங்கி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பாக இறுகிக் கிடக்கும். அதை அகற்றுவது அந்தந்த வீட்டுக்காரரின் பொறுப்பு. வாடகைக்கு இருக்கும் வெளிநாட்டு ஆசிரியருக்கும் இதில் விலக்கு கிடையாது.

இதற்கு இங்கே எல்லோரும் பயன்படுத்தும் கருவிக்கு ஸ்னோ டம்ப் என்று பெயர். வளைந்த கைப்பிடி பொருத்திய பெரிய முறம் போல இருக்கும் அதைப் புதியவர்கள் தோள் பலத்தால் தூக்கப் பார்த்து இரண்டே நாளில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் மண்வாரியால் பனியைக் கட்டியாக வெட்டிவிட்டு, டம்ப்பை அதன் அடியில் செலுத்தி, முழங்காலால் நெம்பி, தூக்காமல் தரையோடு வழுக்கவிட்டு இழுத்துச் செல்ல வேண்டும். ஈரப்பனி தகட்டில் அப்பிக்கொள்ளாமல் இருக்க, கிளம்புவதற்கு முன் சிலிகான் பூச்சையோ மெழுகையோ பூசுவார்கள். எதிர்வீட்டு மூதாட்டி எண்பது வயதைக் கடந்தவர். நான் ஒரு வாசலை முடிப்பதற்குள் அவர் இரண்டை முடித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

அள்ளிய பனியை எங்கே கொட்டுவது என்பதுதான் இந்த ஊரின் உண்மையான சிக்கல். தெருவில் தள்ளக்கூடாது, பக்கத்து வீட்டு எல்லையில் குவிக்கவே கூடாது. தெருவோரத்தில் கம்பி மூடி போட்ட கால்வாய் ஒன்று ஓடும். குறித்த நேரத்தில் அதில் தண்ணீர் திறந்துவிடப்படும்போது மூடியைத் தூக்கிப் பனியை உள்ளே தள்ளினால் அது ஆற்றுக்குப் போய்விடும். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கியிருப்பார்கள், ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் தள்ளினால் கால்வாய் அடைத்துக்கொண்டு கீழ்த்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அந்த நேர அட்டவணையை ஒழுங்காகப் பின்பற்றுகிறாரா என்பதை வைத்தே புதிதாகக் குடிவந்தவரைப் பற்றி அக்கம்பக்கத்தார் ஒரு முடிவுக்கு வருகிறார்கள் என்று நினைக்கிறேன். நான் பேசும் ஜப்பானிய மொழியின் பிழைகளை அவர்கள் பொருட்படுத்தியதே இல்லை. வாசலில் பனி அகலாமல் கிடந்தால் மட்டும், உடம்பு சரியில்லையா என்று கதவைத் தட்டிக் கேட்டுவிடுவார்கள்.

முக்கியச் சாலைகளின் நடுவே குழாய் பதித்து, பதின்மூன்று பதினான்கு டிகிரி வெப்பமுள்ள நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கும் முறையும் உண்டு. பக்கத்து நகரான நாகாவோகாவில் 1960-களின் தொடக்கத்தில் பிறந்த இந்த உத்தி வசதியானதுதான். நீரில் உள்ள இரும்பால் சாலையெல்லாம் செம்பழுப்பாகிவிடுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அளவுக்கு மீறி நீரை உறிஞ்சிய இடங்களில் தரையே தாழ்ந்துபோயிருக்கிறது.

பனி கொட்டினால் பள்ளிக்கு விடுமுறை விடுவார்களா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

மிக அரிதாகவே விடுவார்கள். ஒரே இரவில் அரை மீட்டர் விழுந்த மறுநாளும் மாணவர்கள் குடை பிடித்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸ் அணிந்து, வரிசையாக வந்து சேர்கிறார்கள். வாசலில் பூட்ஸைக் கழற்றிப் பள்ளிக்குள் மட்டும் போடும் காலணிக்கு மாறுவது ஆசிரியர்களுக்கும் பொருந்தும். அங்கே துணைத் தலைமையாசிரியர் எல்லோருக்கும் முன்பே வந்து படிக்கட்டில் பனி அள்ளிக்கொண்டிருப்பார். அவரைப் பார்த்த பிறகு நேரே ஆசிரியர் அறைக்குப் போய் உட்கார யாருக்கும் மனம் வராது. வகுப்பறையில் கணப்பு எரியும், தாழ்வாரத்தில் எரியாது. ஆகவே மணி அடித்தவுடன் அடுத்த வகுப்பறைக்கு ஓடுவதுதான் வழக்கம்.

ஜப்பானியக் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதால், பனி உச்சத்தில் இருக்கும் ஜனவரியும் பிப்ரவரியும் இறுதிப் பருவமாகிவிடுகின்றன. நடுநிலைப் பள்ளியின் கடைசி ஆண்டான மூன்றாம் ஆண்டு மாணவர்கள் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் காலம் அது. அவர்களுடைய வகுப்பில் வெளிநாட்டு ஆசிரியருக்கு அப்போது வேலை குறைவு; உரையாடலும் விளையாட்டுமாகப் பாடம் நடத்த முதலாம் ஆண்டு வகுப்புகளே மிஞ்சும்.

உடற்பயிற்சி வகுப்பு பனிச்சறுக்கு வகுப்பாக மாறுகிறது. ஜப்பானியருக்குப் பனிச்சறுக்கை முறையாகக் கற்றுத்தந்தவரும் ஒரு வெளிநாட்டு ஆசிரியர்தான் என்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். தியோடர் ஃபான் லெர்ஹ் என்ற ஆஸ்திரிய–ஹங்கேரிய ராணுவ அதிகாரி, 1911 ஜனவரி 12 அன்று, இதே மாகாணத்தில் உள்ள தகாதாவில் ராணுவத்தினருக்கு அந்தப் பயிற்சியைத் தொடங்கினார். இப்போதுள்ளவர்கள் இரு கைகளிலும் கோல் வைத்துக்கொள்கிறார்கள். அவர் கற்றுத்தந்தது ஒரே நீண்ட கோலை ஊன்றிச் சறுக்கும் முறை. இன்று நிலைமை தலைகீழ்: பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் என் கையைப் பிடித்துச் சரிவில் இறக்கிவிடுகிறார்கள்.

வீட்டுக்குள்ளாவது கதகதப்பாக இருக்குமா? – யாழ்ப்பாண வாசகி

நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இராது. ஹொக்கைடோவில் இரட்டைக் கண்ணாடிச் சன்னலும் கனத்த சுவர்களுமாக வீட்டைக் கட்டியிருப்பார்கள். இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் அப்படி இல்லை. முழு வீட்டையும் சூடாக்குவதற்குப் பதிலாக ஆள் இருக்கும் ஓர் அறையை மட்டும் சூடாக்குவதே வழக்கம். மண்ணெண்ணெயில் எரியும் ஹீட்டர், மின்கணப்பு பொருத்திய தாழ்வான மேசையின் மேல் மெத்தையை விரித்துக் கால்களை உள்ளே நீட்டிக்கொள்ளும் கொத்தாட்சு, இவ்விரண்டும் இல்லாத வீடு கிடையாது. மண்ணெண்ணெயை 18 லிட்டர் பிளாஸ்டிக் கேன்களில் வாங்கி வைப்போம். ஹீட்டர் எரியும்போது அவ்வப்போது சன்னலைத் திறந்து காற்றை மாற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

பனியின் அழுத்தத்தில் கண்ணாடி உடையாமல் இருக்க, நவம்பரிலேயே கீழ்த்தளச் சன்னல்களுக்கு வெளியே பலகை அடித்துவிடுவார்கள். அதனால் பகலிலும் விளக்கு வேண்டும். எனக்குக் குளிரைவிட இந்த இருட்டைப் பழகிக்கொள்ளத்தான் நாளாயிற்று. வீட்டில் முதியவர்கள் இருந்தால் கவனிக்க வேண்டியது குளியலறை. குளிர்ந்த அறையில் உடை களைந்துவிட்டு உடனே சூடான நீர்த்தொட்டியில் இறங்கும்போது இரத்த அழுத்தம் திடீரென்று ஏறி இறங்குவதால் ஜப்பானில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் முதியவர்கள் பலர் இறக்கிறார்கள்.

நீங்கள் கூரை மேல் ஏறிப் பனி தள்ளியதுண்டா? – சேலம் வாசகர்

இல்லை, ஏறப்போவதும் இல்லை. படிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் இருக்கும். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அப்படிப்பட்ட பனி நின்றால் அந்த வீடு முப்பது டன்னைச் சுமந்துகொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே குளிர்காலத்தில் பலமுறை யாராவது ஏறித் தள்ளியே தீர வேண்டும். ஆனால் பனியால் ஏற்படும் சாவுகளில் பெரும்பகுதி இந்த வேலையின்போதுதான் நிகழ்கிறது. 2005 டிசம்பரில் தொடங்கி 2006 வரை நீடித்த பெரும் பனிக்காலத்தில் நாடு முழுவதும் 152 பேர் இறந்தார்கள். கூரையிலிருந்து விழுந்தும், சரிந்த பனிக்கடியில் புதைந்தும் இறந்த முதியவர்களே அவர்களில் அதிகம். இளைஞர்கள் பெருநகரங்களுக்குப் போய்விட்ட ஊரில் எழுபது வயதுக்காரர்கள் கூரையேறுகிறார்கள். இதைப் பாரம்பரியம் என்றும் உழைப்பின் பெருமை என்றும் சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்கு எரிச்சலே வருகிறது. கட்ட வசதியுள்ளவர்கள் பனி தானாகச் சரிந்து விழும்படியோ வெப்பத்தால் கரையும்படியோ கூரையை அமைத்து, கீழ்த்தளத்தைக் கான்கிரீட்டில் உயர்த்தி வீடு கட்டிக்கொள்கிறார்கள்.

சைவ உணவுக்காரர்கள் அங்கே காலம் தள்ள முடியுமா? – கோயம்புத்தூர் வாசகி

வீட்டில் சமைத்தால் முடியும், வெளியில் கடினம். காய்கறிக் குழம்புக்கும் சூப்புக்கும் அடிப்படையே மீன் சாறுதான். பள்ளி மதிய உணவுக்குப் பதிலாகச் சொந்த டப்பா கொண்டுவர அனுமதி கேட்டால் தந்துவிடுவார்கள். அரிசிக்குக் குறையே இல்லை: ஜப்பானில் மிக உயர்வாகப் பேசப்படும் உவோனுமா கொஷிஹிகாரி அரிசி இந்தப் பனி உருகிய நீரில் விளைவதுதான். பக்கத்து சுனான் ஊரில் கேரட்டை அறுவடை செய்யாமல் பனிக்கடியிலேயே விட்டுவைத்து வசந்தத்தில் தோண்டி எடுப்பார்கள். அதன் இனிப்பு தனி.

மாதக்கணக்கில் இப்படி அடைந்து கிடந்தால் மனம் சோர்ந்துவிடாதா? – சென்னை வாசகர்

ஜனவரியில் வெயிலைப் பார்க்கும் நாள்கள் குறைவு என்பதால் சோர்வு வரத்தான் செய்யும். அடைந்து கிடப்பதாக மட்டும் நினைக்க வேண்டாம். பனி அள்ளுவதற்காகவே தினமும் வெளியே வந்து நாலு பேரைப் பார்த்துப் பேசிவிடுகிறோம். ஜனவரி 15 அன்று இந்நகரைச் சேர்ந்த மட்சுனோயாமாவில், முந்தைய ஆண்டு மணமான மாப்பிள்ளைகளைத் தூக்கி ஐந்து மீட்டர் உயரச் சரிவிலிருந்து பனிக்குள் எறிவார்கள். பிறகு தீ மூட்டிக் கிடைத்த சாம்பலைப் பனியோடு குழைத்து ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொள்வார்கள். வேடிக்கை பார்க்க வந்த வெளியூர்க்காரர் முகமும் தப்பாது. பிப்ரவரியில் டோகாமாச்சி பனித் திருவிழா நடக்கிறது. 1950-இல் தொடங்கிய இவ்விழாவுக்குத் தெருவாசிகளே கூடிப் பனிச் சிற்பங்களைச் செய்கிறார்கள். காலையெல்லாம் அள்ளிய பனியையே மாலையில் மறுபடியும் அள்ளிக் குவிக்கும் இந்த ஊர்க்காரர்களின் மனநிலை எனக்கு இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

நானும் அங்கே ஆசிரியராக வர விரும்புகிறேன். என்ன தகுதி வேண்டும்? கார் ஓட்டத் தெரிய வேண்டுமா? – திருச்சி வாசகி

வெளிநாட்டினரை உதவி ஆசிரியர்களாக வரவழைக்க ஜப்பான் அரசு 1987-இல் தொடங்கிய ஜெட் திட்டத்தின் வழியாகவோ, கல்வி வாரியங்களும் தனியார் நிறுவனங்களும் நேரடியாக எடுக்கும் பணிகளின் வழியாகவோ வரலாம். பட்டப்படிப்பு கட்டாயம். மொழி ஆசிரியருக்கான விசாவுக்கு, கற்பிக்கப்போகும் மொழியிலேயே குறைந்தது பன்னிரண்டு ஆண்டுகள் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பதால், பிளஸ் டூ வரை ஆங்கில வழியில் படித்ததற்கான சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் முறையைச் சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜெட் திட்டத்தில் விருப்பமான இடத்தைக் குறிப்பிடலாம். ஆனால் எந்த ஊர் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை.

பல பள்ளிகளுக்குச் சுற்றிவர வேண்டியிருந்தால் கார் தேவைப்படும். இந்தியாவில் பெறும் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இங்கே ஓராண்டு வரைதான் செல்லும். அதற்குள் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி ஜப்பானிய உரிமமாக மாற்றிக்கொள்ள வேண்டும். கோடையிலேயே அதை முடித்துவிடுங்கள். நவம்பர் இறுதிக்குள் டயர்களைக் குளிர்கால டயர்களாக மாற்றியாக வேண்டும். வண்டியில் எப்போதும் மண்வாரி, கம்பளி, குடிநீர், கொஞ்சம் உணவு இருக்கட்டும். 2020 டிசம்பரில் கன்னெட்சு விரைவுச் சாலையில் ஏறத்தாழ 2,100 வண்டிகள் பனியில் சிக்கி, முழுவதும் மீள இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. அப்படிச் சிக்கிக்கொண்டால் எஞ்சினை அணைத்துவிடுங்கள்; புகைக்குழாயைப் பனி மூடினால் நச்சுப்புகை வண்டிக்குள் புகுந்துவிடும். குளிர் தாங்க முடியாமல் ஓடவிட நேர்ந்தால், புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்து, அள்ளி எறிந்துவிட்டு, பிறகு உட்காருங்கள்.