இடுப்பு வலிக்குப் போனால் சிறுநீரகம் பலவீனம் என்கிறார்களே?

கேள்வி: எனக்கு வயது 48. இடுப்பு வலிக்காக அக்குபங்சர் சிகிச்சைக்குப் போனேன். நாடி பார்த்தவர் சிறுநீரகம் பலவீனமாக இருப்பதாகச் சொல்லிக் கணுக்காலில் ஊசி போட்டார். ஆனால், போன மாத ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 0.9. எதை நம்புவது? ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தவும் சொல்கிறார். நிறுத்தலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தவே கூடாது. உங்கள் சிறுநீரகத்தைக் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனால்தான் சிறுநீரகம் உண்மையிலேயே கெடும்.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவு. 0.9 என்பது இயல்பான அளவு. அதனால் பயம் வேண்டாம். ரத்த அழுத்தம் இருப்பதால், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் வெளியேறுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, அவர் ஏன் அப்படிச் சொன்னார்? அக்குபங்சர் பிறந்த சீனப் பாரம்பரிய மருத்துவத்தில் சிறுநீரகம் என்பது ரத்தத்தை வடிகட்டும் உறுப்பு மட்டுமல்ல. எலும்பு, காது, தலைமுடி, இனப்பெருக்க சக்தி, பய உணர்ச்சி எல்லாம் அதன் பொறுப்பு. இடுப்பையே அதன் இருப்பிடமாகக் கருதுகிறார்கள். ஆகவே நடுத்தர வயதில் இடுப்பு வலி, முழங்கால் தளர்ச்சி, காதில் இரைச்சல் என்று யார் போனாலும் 'சிறுநீரகக் குறைவு' என்ற முடிவுக்கு வருவது அங்கே சகஜம். நாடி பார்க்கும்போது மணிக்கட்டில் மோதிர விரல் படும் இடத்தைச் சிறுநீரகத்துக்கு உரியதாகக் கொள்கிறார்கள். அந்த விரலால் கிரியாட்டினினை அறிய முடியாது. நாளைக்கே "இப்போது சரியாகிவிட்டது" என்று அவர் சொன்னாலும், அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மற்ற உறுப்புகளும் இப்படித்தான். செரிமானத்தின் தலைமைப் பொறுப்பை மண்ணீரலுக்குக் கொடுக்கிறார்கள். விபத்தில் சிதைந்த மண்ணீரலை நாங்கள் அகற்றிய பிறகும் நோயாளிக்குச் சாப்பாடு செரிக்கிறது. 'மூவெப்ப மண்டலம்' என்று ஓர் உறுப்பு அவர்கள் பட்டியலில் உண்டு. உடற்கூறியலில் அப்படி எதுவும் இல்லை.

கணுக்கால் ஊசிக்கும் இதே கணக்குதான். சிறுநீரகத்துக்கு உரிய உயிர்ச்சக்தி ஓடும் பாதை உள்ளங்காலில் தொடங்கி, உள் கணுக்காலைச் சுற்றி, காலின் உட்புறமாக ஏறி, காறை எலும்புக்குக் கீழே முடிகிறது என்கிறார்கள். அதில் ஊசி குத்துவதற்கான 27 புள்ளிகள். உடலை அறுத்துப் பார்த்தால் அப்படி ஒரு பாதை தென்படுவதில்லை.

அப்படியானால் ஊசியால் பலனே இல்லையா? அப்படிச் சொல்ல மாட்டேன். நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 1162 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, முறைப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்து, பயிற்சி பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். ஊசி வலியைத் தணிக்கிறது, எந்தப் புள்ளி என்பது அவ்வளவு முக்கியமில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

வலி குறைகிறது என்றால் தாராளமாகத் தொடருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் புது ஊசியா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தால் முன்பே சொல்லிவிடுங்கள். நெஞ்சிலும் மேல் முதுகிலும் ஆழமாகக் குத்த விடாதீர்கள், நுரையீரலில் ஓட்டை விழலாம்.

அப்புறம், இடுப்பு வலியோடு கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ஊசிக்குப் போகாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.