தடித்த மணலும் மெல்லிய சேறும்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பாடசாலையொன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். சென்ற வாரம் தரம் 10 வகுப்பில் மணலும் சேறும் படிந்து இறுகிய அடையற்பாறை பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்தான். “டீச்சர், பாறை அடுக்குகள் எல்லாம் நோவா காலத்து வெள்ளத்தில் ஒரே வருடத்தில் படிந்தவை. அமெரிக்காவில் சென் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது இருபத்தைந்து அடி அடுக்கு ஒரே நாளில் உருவானது” என்றான். சபையில் கொடுத்த படங்களைக் காட்டினான். குடும்பிமலையில் அவனே எடுத்த, கறுப்பும் வெள்ளையுமாக வரியோடிய பாறையின் படமும் அவற்றில் இருந்தது. என்னோடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், “ஒரு அங்குலம் படிய ஆயிரம் வருடம் வேண்டும், இது கூடத் தெரியாதா?” என்று அவனைக் கேலி செய்தார். “அப்படியானால் சுனாமி போட்ட மணல்?” என்று பையன் திருப்பிக் கேட்டான். வகுப்பு கைதட்டியது. ஆசிரியர் வாயடைத்துப் போனார்.

இதை வைத்து ஒரு விவாத அரங்கு நடத்தப் போகிறோம். இரு தரப்பையும் சமமாகச் சொல்லிவிட்டு முடிவைப் பிள்ளைகளிடம் விடுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன். காபன் 14 கணிப்பை நம்பலாமா என்பதையும் சொல்லுங்கள். குமரிக்கண்டத்தையும் சேர்த்துப் பேசலாமா? நடுவராக நீங்கள் வருவீர்களா? என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் எங்கள் பெரியமாமா வெட்டிய கிணறுகளைப் பற்றி எழுத உட்கார்ந்திருந்தேன். ஆகவே இந்தப் பதிலில் அவர் குறுக்கே வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறைகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். குமரிக்கண்டத்தை இதற்குள் இழுக்க வேண்டாம், ஒரு சண்டை போதும். செத்த உயிரின் எச்சத்தில் இருக்கும் காபன் 14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுகள் ஆகும். ஐம்பதாயிரம் ஆண்டு தாண்டிய பொருளில் அளப்பதற்கு அது மிஞ்சியிருக்காது. பழம்பாறையின் வயதுக்கு அதை எவரும் பயன்படுத்துவதில்லை, அதனால் அந்தக் கேள்வியையும் மூடிவிடலாம். குடும்பிமலைப் பாறையின் வரிகள் நீரில் படிந்தவை அல்ல. அது நைஸ் என்னும் உருமாறிய பாறை. நிலத்தின் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் கனிமங்களைப் பிரித்து நிறுத்தியதால் வந்த வரிகள் அவை. மட்டக்களப்பு, அம்பாறை என்னும் நம் இரண்டு மாவட்டங்களின் அடித்தளத்தில் பெரும்பகுதி இந்த விஜயன் தொகுதிப் பாறைதான். அதன் மூலப்பாறைகளுக்கு வயது ஏறத்தாழ நூறு கோடி ஆண்டு. பையனுக்கு அடையற்பாறை பார்க்க ஆசையென்றால் யாழ்ப்பாணத்துக் கிணறொன்றை எட்டிப் பார்க்கட்டும், சுவர் முழுக்க மயோசீன் என்னும் பழங்காலத்துச் சுண்ணாம்புக்கல். ஆனாலும் அந்தப் படத்துக்காக அவனைப் பாராட்டுங்கள். கொடுத்த படத்தோடு நின்றுவிடாமல் மலையைத் தேடிப் போயிருக்கிறான். உங்கள் சக ஆசிரியர் எந்தப் பாறையைத் தேடிப் போனார்?

அவர் மீதுதான் எனக்கு அதிகம் கோபம். ஒரு அங்குலத்துக்கு ஆயிரம் வருடம் என்ற கணக்கை அவர் எங்கே பிடித்தார்? நடுக்கடலின் ஆழத்தில் செங்களி படிவது ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர்தான். அதே ஆயிரம் ஆண்டில் ஓர் ஆற்றுவாய் தீவுகளையே கட்டிவிடும். படிவதற்கென்று உலகம் முழுவதற்கும் பொதுவான வேகம் எதுவும் இல்லை. விஞ்ஞானத்தின் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு விஞ்ஞானம் சொல்லாததைச் சொன்னார், பதினைந்து வயதுப் பிள்ளையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். நன்றாக வேண்டும்.

இந்த நோய் அவருக்கு மட்டும் வந்ததல்ல. பூமியில் எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்று புவிச்சரிதவியலின் பெரியவர்களே ஒரு காலத்தில் அடம்பிடித்தார்கள். வோஷிங்டன் மாநிலத்தின் கிழக்கே பாறையைச் செதுக்கிக்கொண்டு ஓடும் வறண்ட பள்ளங்களை ஒரு பெருவெள்ளம்தான் வெட்டியிருக்க வேண்டும் என்று ஹார்லன் பிரெட்ஸ் 1923-இல் எழுதியபோது, பைபிள் வெள்ளம் பின்வாசலால் வருகிறது என்று பயந்து அவரை ஒதுக்கினார்கள். பனிக்கட்டி அணை உடைந்து ஓர் ஏரியே வடிந்து போனதன் தடயங்கள் அவை என்று பிறகு உறுதியானது. 1979-இல், தொண்ணூறைத் தாண்டிய அந்தக் கிழவருக்கு அமெரிக்கப் புவிச்சரிதவியல் சங்கத்தின் உயர்ந்த பதக்கமான பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள். பையன் சொல்லும் சென் ஹெலன்ஸ் எரிமலையும் அதே மாநிலத்தில்தான் இருக்கிறது. 1980 மே 18-இல் அது வெடித்தது. ஜூன் 12-இல் மறுபடியும் சீறியபோது ஏறத்தாழ இருபத்தைந்து அடி சாம்பல், மெல்லிய மெல்லிய வரிகளாகச் சில மணி நேரத்தில் படிந்தது உண்மைதான். அதை மறுக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

இனி மாமாவுக்கு வருகிறேன்.

அவர் சித்தாண்டிப் பக்கத்தில் கிணறு வெட்டியவர். முந்தனையாற்றை ஒட்டிய வயற்காணிகளில் கொட்டு என்னும் கிணற்று வளையத்தை இறக்குவதற்கு முன் குழியின் சுவரை மண்வெட்டியால் ஒரு சீராகச் செதுக்குவார். கொட்டு இறங்குவதற்கு அவ்வளவு நேர்த்தி தேவையில்லை. தானே பார்ப்பதற்காகத்தான் செதுக்கினார் என்று இப்போது நினைக்கிறேன். அப்படி ஒரு குழிக்குள் என்னையும் இறக்கினார். சுவரில் ஒரு சாண் தடிப்புக்கு மணல். அதன் அடியில் பருமணல், மேலே போகப் போக நைந்து நைந்து உச்சியில் மாவு போன்ற ஒரு பூச்சு. அந்த மணலுக்குக் கீழே ஒரு விரல் தடிப்பில் கறுத்த சேறு. சேற்றுக்குள் செங்குத்தாகப் புல்வேர்கள் இறங்கியிருந்தன. வேர் உக்கிப்போன இடங்களில் துருநிறத்தில் குழாய்கள் மட்டும் எஞ்சியிருந்தன. நண்டு வளை ஒன்றும் இருந்தது. வளைக்குள்ளே மேலடுக்கின் பருமணல். மாமா சுண்டுவிரலை விட்டுக் கிளறினார், அந்த மணல் பொலபொலவென்று என் காலடியில் கொட்டியது.

“இது ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளம். இரண்டு இரவு” என்று மணலைக் காட்டினார். 1957 டிசம்பர் வெள்ளம் வடிந்த பின் அந்தக் காணி முழுக்க மணல் ஏறிக் கிடந்ததை நேரில் கண்டவர் அவர். பிறகு கறுத்த சேற்றைத் தொட்டு, “இதுதான் எத்தனை வருடம் என்று தெரியாது” என்றார்.

டீச்சர், ஒரு சாண் மணலுக்கு இரண்டு இரவு. ஒரு விரல் சேற்றுக்கு எத்தனை தலைமுறையோ. உங்கள் பாடசாலையில் மோதிக்கொண்ட இருவரும் செய்த பிழை இதில் அப்படியே தெரிகிறது. இருவருமே தடிப்பை அளக்கிறார்கள். தடித்த அடுக்கு சில மணி நேரத்தில் படிந்ததென்று காட்டினால் பூமி இளையது என்று பையன் நினைக்கிறான். பூமி பழையது என்பதற்காகத் தடித்த அடுக்கு மெதுவாகத்தான் படிந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் நினைக்கிறார். நம் வீடுகளில் கல்யாண அல்பத்தில் ஒரு நாளுக்கு நூறு படம் இருக்கும். அடுத்த இருபது வருடத்துக்கு நான்கு படம் இருந்தால் அதிகம். அல்பத்தின் தடிப்பை அளந்து தம்பதியின் வயதைச் சொல்லுவீர்களா? படம் எடுக்காத வருடங்களும் அவர்கள் வாழ்ந்த வருடங்கள்தானே.

அடுக்கு சில மணி நேரத்திலேயே படியலாம். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையிலுள்ள கோட்டில்தான் காலம் கிடக்கிறது. அந்தக் கோட்டில் என்ன நடந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெயிலில் சேறு வெடித்திருக்கிறதா? மழைத்துளி குத்திய தழும்பு இருக்கிறதா? வேர் இறங்கியிருக்கிறதா? நண்டோ புழுவோ வளை தோண்டியதா? கால்தடம் பதிந்திருக்கிறதா? வெள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது நண்டு உட்கார்ந்து வளை தோண்டாது, புல் முளைத்து வேர்விடாது, சேறு காய்ந்து பிளக்காது. சென் ஹெலன்ஸின் இருபத்தைந்து அடியில் வரிகள் இருக்கின்றன, ஆனால் வரிகளுக்கு இடையில் வேரும் இல்லை, வளையும் இல்லை. இருக்கவும் முடியாது, அதுவோ சில மணி நேர வேலை. உலகமெங்கும் அடையற்பாறைகளில் அடுக்குக்கு மேல் அடுக்காக, ஆயிரக்கணக்கான அடி உயரத்துக்கு, வெடித்த சேறும் வேர்மண்ணும் வளைகளும் கால்தடங்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே வருடத்து வெள்ளத்துக்குள் இவற்றை அடைக்க இடமில்லை.

ஸ்கொட்லாந்தின் கடற்கரையில் சிக்கார் முனை என்றோர் இடம் உண்டு. 1788-இல் ஜேம்ஸ் ஹட்டன் என்பவர் இரண்டு நண்பர்களோடு படகில் போய் அதைப் பார்த்தார். வைத்தியம் படித்துவிட்டு விவசாயம் செய்தவர், தன் தோட்டத்து மண்ணை மழை அரித்துக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து யோசித்தவர். அங்கே கீழே சாம்பல் நிறப் பாறை அடுக்குகள் கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் வெட்டுண்ட தலைகள் மீது சிவப்பு மணற்கல் சற்றே சாய்ந்து படுத்திருக்கிறது. சிவப்புப் பாறையின் அடிப்பகுதியில் சாம்பல் பாறையின் உடைந்த துண்டுகள் பதிந்துள்ளன. அப்படியென்றால் சிவப்பு மணல் வந்து சேரும் முன்னரே சாம்பல் சேறு கல்லாகி, நிமிர்ந்து, தேய்ந்து, உடைந்திருக்கிறது. நீண்ட காலத்துக்கு உலகமே எடுத்துக்காட்டும் இடம் இது. இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. அந்தச் சாம்பல் நிற அடுக்குகள் ஒவ்வொன்றும் வேகமாகப் படிந்தவை! கடலடிச் சரிவில் சேறும் மணலும் கலந்து பாய்ந்தோடி வந்து படுத்தவை. அப்படிப்பட்ட பாய்ச்சலின் வேகத்தை நமக்குக் காட்டிக்கொடுத்தது 1929-இல் நடந்த ஒன்று. நியூபவுண்லாந்துக்கு அப்பால் நிலம் நடுங்க, கிளம்பிய சேற்றுப் பெருக்கு கடலடித் தந்திக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்துக்கொண்டு போனது. ஆக, ஹட்டன் பார்த்த சாம்பல் அடுக்கு ஒவ்வொன்றும் படியச் சில மணியோ சில நாளோ போதும். அவற்றுக்கும் சிவப்புக் கல்லுக்கும் இடையில் ஓடும் கோட்டுக்கோ ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டு. அந்தக் கோட்டுக்குத் தடிப்பே இல்லை.

சுனாமி மணலுக்கு ஆசிரியர் சொல்லியிருக்க வேண்டிய பதில் தாய்லாந்தில் இருக்கிறது. அங்கே ப்ரா தோங் என்னும் தீவில், 2004 அலை போட்ட மணலின் கீழே கறுத்த மண்ணைத் தோண்டினார்கள். அதற்கும் கீழே அதே மாதிரி இன்னொரு மணல். இதற்கு முந்திய சுனாமி அது, சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முந்தியது. இங்கேதான் காபன் 14 உதவியது. இரண்டு மணலும் சில நிமிடங்களில் வந்தவை, இடையிலுள்ள கறுத்த மண் அந்த நூற்றாண்டுகளையெல்லாம் வைத்திருக்கிறது. நாவலடியிலும் கல்லடியிலும் அந்த மணலைக் கையால் அள்ளியவர்கள் நாம். அதை வைத்து ஒரு பிள்ளை கேள்வி கேட்டால் வாயடைத்துப் போகலாமா?

போகிற போக்கில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாமா காட்டியது போன்ற ஆற்றங்கரைச் சுவர்களை இன்று டிப்பர்கள் இரவோடிரவாக ஏற்றிக்கொண்டு போகின்றன. இதற்கு விவாத அரங்கு வைக்க எந்தப் பாடசாலைக்கும் தோன்றவில்லை.

அந்தப் பிள்ளையின் சபையைக் கேலி செய்ய யாரையும் விடாதீர்கள். கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது என்ற விதியை 1669-இல் எழுதிய ஸ்டெனோ பின்னாளில் கத்தோலிக்க ஆயரானார். கண்ட சரளைப் படிவுகளையெல்லாம் ஒரே பெருவெள்ளத்தின் தலையில் போட்டது பிழை என்று 1831-இல், இலண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் தலைவராக இருந்து பகிரங்கமாகச் சொன்ன அடம் செட்ஜ்விக் ஓர் ஆங்கிலிக்கன் குரு. வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாறையைப் பார்த்தவர்கள் அவர்கள். இதை அவனிடம் தனியாகச் சொல்லுங்கள், வகுப்பின் நடுவே வேண்டாம்.

‘இரு தரப்பையும் சமமாக’ என்றீர்களே, அதற்குத் திட்டாமல் விட முடியவில்லை. கோபிக்காதீர்கள் மகள். இரண்டு பேர் ஒரு சுவரைப் பற்றிச் சண்டை பிடிக்கும்போது சுவரைப் போய்ப் பார்க்காமல் இருவருக்கும் ஆளுக்கு ஐந்து நிமிடம் கொடுப்பதில் என்ன நேர்மை இருக்கிறது? நன்றாகப் பேசுகிற பிள்ளை வெல்லும், அவ்வளவுதான். உங்களுக்குச் சம்பளம் தருவது கற்பிப்பதற்கு.

நடுவராக வர மாட்டேன். மேடை போடும் நாளில் பிள்ளைகளை வாவிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதென்றால் வருகிறேன், மண்வெட்டியும் கொண்டுவருகிறேன். மாரி தொடங்குமுன் வையுங்கள், பிறகு நீர் ஏறிவிடும். பையன் தன் கையால் சுவரைச் செதுக்கட்டும். எத்தனை அடுக்கு என்று எண்ணுவது பிறகு இருக்கட்டும், ஒவ்வொரு கோட்டிலும் வேரோ வளையோ இருக்கிறதா என்று முதலில் எழுதச் சொல்லுங்கள். சக ஆசிரியரையும் அழைத்து வாருங்கள், கொப்பி பிடிக்க ஓர் ஆள் வேண்டும். குழி பிள்ளைகளின் இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது, ஈரமணல் சொல்லாமல் சரியும்.