எட்டுப் பேர், ஒரு ஹால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அக்கா, இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். ஹால் 12-க்கு 10 அடி. கதவு உள்ள ஒரே அறை 10-க்கு 9. சின்னதாக ஒரு சமையலறை, ஒரு குளியலறை. மாமனார், மாமியார், கணவர், கொழுந்தனார், நான், மூன்று பிள்ளைகள். கொழுந்தனாருக்கு ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் ராத்திரி ஷிப்ட். பெரியவள் பத்தாம் வகுப்பு. பரண் முழுக்க மாமியாரின் சீர்ப் பாத்திரங்கள். எத்தனை முறை அடுக்கினாலும் மறுநாளே வீடு பழையபடி ஆகிவிடுகிறது. இதனாலேயே தினமும் சண்டை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: தங்கச்சி, சாமான்களை அப்புறம் பார்க்கலாம். முதலில் ராத்திரி யார் எங்கே படுப்பது என்று முடிவு செய்யுங்கள். ஒருவர் பாய் விரித்துப் படுக்க 6-க்கு 2½ அடி, அதாவது 15 சதுர அடி வேண்டும். மாமனாருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவது சிரமம் என்றால் அவருக்கு மட்டும் 6-க்கு 3 அடியில் ஒரு கட்டில். அதைக் குளியலறைப் பக்கம் போடுங்கள், ராத்திரி யாரையும் தாண்டாமல் எழுந்து போவார். மாமியார், பிள்ளைகள், கொழுந்தனார் ஐந்து பேருக்கும் பாய் 75 சதுர அடி, கட்டில் 18, ஆக 93. உங்கள் ஹால் 120. மிச்சம் இருக்கும் 27 சதுர அடியில்தான் நடக்க வேண்டும், வாசல் கதவைத் திறக்க வேண்டும். ஹாலில் சோபா இருந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மூன்று பேர் உட்காரும் சோபா கிட்டத்தட்ட ஒரு கட்டிலின் இடத்தைப் பிடிக்கும். வருகிறவர்களுக்கு நாலு பிளாஸ்டிக் நாற்காலி போதும், ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிவிடலாம்.

கதவு உள்ள அறை ராத்திரியில் உங்களுக்கும் உங்கள் கணவருக்கும். நீங்கள் இதைக் கேட்கவில்லை, வீட்டில் கேட்கவும் கூச்சப்படுவீர்கள். அதனால் நானே சொல்கிறேன். கல்யாணமாகி எத்தனை வருஷமானாலும் கணவனும் மனைவியும் தனியாகப் பேசிக்கொள்ள ஒரு கதவு வேண்டும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மருமகள் இதைத்தான் முதலில் விட்டுக்கொடுக்கிறாள், அந்தக் கசப்பு வேறு எதிலாவது வெடிக்கிறது. ஆனால் பகலில் அந்த அறை எல்லாருக்கும் பொது. உடை மாற்ற, பெரியவள் படிக்க, ராத்திரி ஷிப்ட் வாரத்தில் கொழுந்தனார் தூங்க. அங்கே டபுள் கட்டில் இருக்கிறதா? 6½-க்கு 5 என்றால் 32 சதுர அடிக்கு மேல், அறையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். மடித்து வைக்கிற மெத்தை வாங்குங்கள்.

நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், நெசவு வீட்டில். கூடத்தில் பாதிக்கு மேல் குழித்தறிதான். அதை நகர்த்த முடியாது, தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் மேல் ஈரம் படக்கூடாது, வெளிச்சத்தை மறைக்கக்கூடாது. ஆகவே மற்ற எல்லாவற்றையும் நாங்கள்தான் நகர்த்துவோம். எழுந்ததும் அவரவர் பாயை அவரவரே சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டுத்தான் பல் தேய்க்கப் போக வேண்டும். தாத்தா இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்று பார்க்கமாட்டார். சாப்பிட்ட தட்டு கழுவிய கையோடு ஸ்டாண்டுக்குப் போகும், காய்ந்த துணியை மடிக்காமல் யாரும் கொடியிலிருந்து எடுக்கமாட்டோம். உங்கள் வீடு மறுநாளே பழையபடி ஆவதற்குக் காரணம் இடக்குறைவு மட்டுமில்லை. எட்டுப் பேர் கலைப்பதை நீங்கள் ஒருவரே அடுக்குகிறீர்கள். கடைக்குட்டியும் தன் பாயைச் சுருட்டட்டும். கொழுந்தனாருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். உங்கள் கணவர் முதலில் தன் படுக்கையை மடித்தால், தம்பியிடம் நீங்கள் வாய் திறக்கவே தேவையிருக்காது.

சீர்ப் பாத்திரங்களை மாமியாரைக் கேட்காமல் தொடாதீர்கள். ஒரு டம்ளரைக்கூட. எடைக்குப் போட்டுவிடு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அவை அவருடைய அம்மா வீட்டிலிருந்து வந்தவை. அவரையே பக்கத்தில் உட்கார வைத்து ஒருநாள் எல்லாவற்றையும் இறக்குங்கள். பெரிய அண்டாவுக்குள் சின்னது, அதற்குள் குண்டான் என்று அடுக்கினாலே பரணில் பாதி காலியாகும். இன்னொரு அண்டாவில் கம்பளிகளையும் கூடுதல் போர்வைகளையும் போட்டு மூடலாம். ஈரம் இருந்தால் பித்தளையில் களிம்பு ஏறும், வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு உள்ளே செய்தித்தாள் விரித்து அடுக்குங்கள்.

பெரியவள் படிக்கத் தரையில் உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை ஒன்று போதும். வேலை முடிந்ததும் சுவரோரம் நிறுத்திவிடலாம். மாலை 7 முதல் 9 வரை டிவி வேண்டாம். மாமியாரின் சீரியல் நேரம் அதுதான் என்று தெரியும். பேத்தியின் பப்ளிக் பரீட்சைக்காக அவர் விட்டுக்கொடுப்பார், ஆனால் அதை அவருடைய மகன்தான் கேட்க வேண்டும்.

அப்புறம், எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு பூட்டுள்ள இடம் கொடுங்கள். பீரோவில் ஒரு லாக்கர், சின்ன டிரங்குப் பெட்டி, எதுவானாலும் சரி. பெரியவளுக்குக் கட்டாயம் வேண்டும். அவளுடைய டைரி, நாப்கின், தோழி கொடுத்த வளையல் எல்லாம் அதில் இருக்கும். தம்பி தங்கை மட்டுமல்ல, நீங்களும் அதைத் திறக்காதீர்கள். வீட்டுப் பெண்கள் துணி நாப்கின் பயன்படுத்தினால், அதைக் குளியலறை மூலையில் வேறு துணிக்கு அடியில் ஒளித்துக் காயப்போடும் நிலை வேண்டாம். மொட்டை மாடியில் நல்ல வெயில் படும் ஒரு கொடியைப் பெண்களுக்கென்று ஒதுக்குங்கள். ஈரம் போகாத துணியால் தொற்று வரும்.

கேள்வி: சமையலறையில் இடமில்லாததால் ஸ்பேர் சிலிண்டரைக் கட்டிலுக்கு அடியில் படுக்க வைத்திருக்கிறோம். பரவாயில்லையா?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: கூடாது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும், நீங்கள் படுத்திருக்கும் இடத்திலேயே. சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், காற்றோட்டம் உள்ள இடத்தில், பாதுகாப்பு மூடியைக் கழற்றாமல். வாடை வந்தால் சுவிட்சைத் தொடாதீர்கள், நெருப்புப் பற்றவைக்காதீர்கள். கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். நிமிர்த்தி வைக்க இடமே இல்லை என்றால் இரண்டாவது சிலிண்டர் வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்காரர் சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்கிறார். ஏழு பேரின் சாமான்களை எங்கே வைப்பது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இரும்புக் கடைகளில் கிடைக்கும் ஆங்கிள் ரேக் வாங்குங்கள். போல்ட் போட்டு மாட்டுவதுதான், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம். 6 அடி உயரத்தில் ஐந்து தட்டு வைத்தது சுவரோரம் அதிக இடம் பிடிக்காது. அரிசி, எண்ணெய் டின் போன்ற கனமானவை கீழ்த்தட்டில் இருக்கட்டும். பிள்ளைகள் ஏறுவார்கள், அதனால் மேல்பகுதியை ஜன்னல் கம்பியோடு சேர்த்து இறுக்கமாகக் கட்டிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் தினமும் தண்ணீர் வராது. ஒன்பது பேருக்கு மூன்று டிரம்மில் பிடித்து வைக்கிறோம். வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்து போனதிலிருந்து பயமாக இருக்கிறது.
- ஒரு வாசகி, சிவகாசி

பதில்: பயப்படுவது நியாயம்தான். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். முட்டைகள் டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொள்வதால் தண்ணீரை மாற்றினால் மட்டும் போகாது, நாரும் பிளீச்சிங் பவுடரும் கொண்டு தேய்த்துக் கழுவ வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் காலி செய்ய முடியாது என்பதால் திங்கள், புதன், வெள்ளி என்று நாளுக்கொன்றாக வையுங்கள். ஒவ்வொரு டிரம்மும் வாரத்துக்கு ஒரு முறை கழுவப்பட்டுவிடும். மூடி சரியாக உட்காராவிட்டால் பழைய வேட்டித் துணியை வாயில் விரித்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டிவிடுங்கள்.