கராஜ் கதவு இறங்கிவிட்டுத் திரும்ப மேலே போகுதா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

டொரொண்டோவிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்தொன்பது வருஷமாகக் கராஜ் கதவு திருத்துகிறேன். இந்த முறை "கதவு ஒழுங்காகப் பூட்டுதில்லை" என்ற ஒரு விஷயம் பற்றி மட்டும் கேளுங்கோ என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

முதலில் ஒரு வேண்டுகோள். "பூட்டுதில்லை" என்று மட்டும் சொன்னால் எனக்கு ஒன்றும் விளங்காது. அசையவே இல்லையா? கொஞ்சம் இறங்கிவிட்டுத் திரும்புதா? நிலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்புதா? மூன்றும் மூன்று வருத்தம், மருந்தும் வேறு வேறு.

கேள்வி (மார்க்கம்): அண்ணை, ரிமோட்டை அமத்தினால் கதவு ஓரடி இறங்கிவிட்டுத் திரும்ப மேலே போகுது. மோட்டரிலுள்ள லைட்டும் விட்டுவிட்டு மினுங்குது. சுவரிலுள்ள பொத்தானை விடாமல் அமத்திப் பிடித்தால் மட்டும் பூட்டுது. வந்து பார்த்தவர் மோட்டர் போய்விட்டது, புதிது போடவேணும் என்கிறார்.

மோட்டர் போகவில்லை தங்கச்சி. விடையை நீங்களே கேள்விக்குள் எழுதிவிட்டீர்கள். பொத்தானை விடாமல் பிடித்தால், ஆள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் பூட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டு மோட்டர் கீழேயிருக்கும் இரண்டு கண்ணையும் (சென்சார்) பொருட்படுத்தாது. அப்போது பூட்டுது என்றால் மோட்டரும் நல்லது, கதவும் நல்லது. பிழை கண்ணில்தான்.

கதவின் இரண்டு பக்கமும், நிலத்திலிருந்து ஆறு அங்குலத்துக்குள் சின்னப் பெட்டி இரண்டு இருக்கும். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் ஏதாவது மறைத்தால் கதவு இறங்காது. உங்களுடையது லிஃப்ட்மாஸ்டரோ சேம்பர்லேனோ என்றால் அனுப்புகிற கண்ணில் மஞ்சள் லைட் எப்போதும் எரியும். வாங்குகிற கண்ணில் பச்சை, ஒளி வந்து சேர்ந்தால் மட்டும் எரியும். வேறு கம்பனிகளில் நிறம் மாறலாம்.

குனிந்து பச்சையைப் பாருங்கோ. எரியவில்லை, அல்லது துடிக்குது என்றால் முதலில் மெல்லிய துணியால் இரண்டு கண்ணாடியையும் துடையுங்கோ. பிறகு பெட்டியைப் பிடித்திருக்கும் சிறகு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பச்சை அசையாமல் எரியும் மட்டும் மெதுவாகத் திருப்பி, திரும்ப இறுக்குங்கோ. நட்டு தளர்ந்திருந்தால் கதவு இறங்கத் தொடங்கும் அதிர்வுக்கே கண் விலகிவிடும். ஓரடி இறங்கியபின் திரும்புகிற காரணம் பெரும்பாலும் அதுதான்.

கேள்வி (டாலஸ்): சார், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துல மட்டும் மூட மாட்டேங்குது. ராத்திரி சாப்பிட்டுட்டு போய் அமுக்கினா சமத்தா மூடிக்குது. இது என்ன பேய் வேலையா?

சூரியனின் வேலை தம்பி. மாலை வெயில் சரிந்து நேரே வாங்குகிற கண்ணுக்குள் விழுந்தால் அதற்கு மற்றப் பக்கத்து ஒளி தெரியாது. எதிரே வருகிற காரின் ஹை பீம் அடித்தால் எங்களுக்குப் பாதை தெரியாதது மாதிரி. நாளைக்கு அதே நேரத்தில் உங்கள் நிழல் அந்தக் கண்ணில் விழுகிற மாதிரி நின்றுகொண்டு ரிமோட்டை அமத்துங்கோ. இரண்டு கண்ணுக்கும் நடுவில் மட்டும் நிற்கக்கூடாது. கதவு இறங்கினால் காரணம் பிடிபட்டுவிட்டது.

நிரந்தரமாகச் செய்வதென்றால் இரண்டு கண்ணையும் பக்கம் மாற்றிப் போடுங்கோ. வாங்குகிற கண் சூரியனுக்கு முதுகு காட்டட்டும். அதுவரைக்கும் டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் மட்டைக் குழாயில் இரண்டு அங்குலம் வெட்டி, உள்ளே கறுப்பு மார்க்கர் பூசி, கண்ணுக்குக் குடை மாதிரி ஒட்டிவிடலாம். சிரிக்காதேங்கோ, என் வீட்டில் ஒரு கோடை முழுக்க அப்படித்தான் ஓடியது.

கேள்வி (ஏஜக்ஸ்): சில நாள் பூட்டுது, சில நாள் இல்லை. கண் துடைத்தாயிற்று, பச்சையும் எரியுது. நேரம் காலம் என்று ஒன்றும் இல்லை.

இந்த "சில நாள்" தான் எங்கள் தொழிலில் ஆளைக் கொல்லுவது. நான் போய் நிற்கும்போது ஒழுங்காகப் பூட்டும், வீட்டுக்காரர் என்னைப் பார்ப்பார், நான் கதவைப் பார்ப்பேன்.

இப்படி ஒரு வீட்டுக்கு மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம் பேசாமல் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கதவு இறங்கத் தொடங்க உள்ளே காற்று அசையும். கண்ணுக்குப் பக்கத்தில் அந்த வீட்டு அம்மா ஊரிலிருந்து கொண்டுவந்த ஈர்க்கு விளக்குமாறு சாத்தியிருந்தது. நாலைந்து ஈர்க்கு பிரிந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்றுக்கு அது தலையாட்ட, பச்சை ஒருக்கா அணைந்தது, கதவு திரும்பி மேலே போனது. விளக்குமாற்றை மற்ற மூலையில் வைத்தோம், அவ்வளவுதான். ஆகவே முதலில் கண்ணுக்குப் பக்கத்தில் ஆடக்கூடியது எது என்று பாருங்கோ: சிலந்தி நூல், தொங்குகிற பொலித்தீன் பை, சைக்கிள் பெடல்.

அதுவும் இல்லையென்றால் வயர். கண்ணிலிருந்து மோட்டருக்குப் போகும் மெல்லிய வயரைச் சுவரில் ஸ்டேப்பிள் ஆணி அடித்துக் கொண்டுபோயிருப்பார்கள். ஒரு ஆணி வயருக்குள் இறங்கியிருந்தால் குளிருக்குச் சுருங்கி, வெயிலுக்கு விரிந்து, தொட்டும் தொடாமலும் விளையாட்டுக் காட்டும். இரண்டு கண்ணையும் கழற்றி, ஒரு துண்டுப் புது வயரில் மோட்டருக்குப் பக்கத்திலேயே இணைத்து, ஒன்றையொன்று பார்க்க வைத்து இரண்டு நாள் சோதியுங்கோ. அந்த இரண்டு நாளும் வாசலைக் காவல் காக்கக் கண் இல்லை, அதனால் பிள்ளைகளை விலக்கி, பக்கத்தில் நின்று பார்த்துத்தான் பூட்டவேணும். ஒழுங்காக வேலை செய்தால் பழைய வயரை மாற்றுங்கோ. இல்லாவிட்டால் கண்ணை மாற்றுங்கோ.

கேள்வி (ஸ்கார்பரோ): என் மைத்துனர் கெட்டிக்காரர். இரண்டு கண்ணையும் கழற்றி மேலே மோட்டருக்குப் பக்கத்தில் ஒன்றையொன்று பார்க்கக் கட்டிவிட்டார். பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. அப்படியே விடலாமா?

மேலே சொன்னது இரண்டு நாள் சோதனைக்கு. இதை இன்றைக்கே கழற்றுங்கோ. பழைய கதவுகளின் கீழ் சின்னப் பிள்ளைகள் நசிந்து செத்த பிறகுதான் அமெரிக்காவில் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1-இலிருந்து அங்கே செய்கிற வீட்டு மோட்டர்களுக்கு இந்தக் கண் மாதிரியான ஒரு பாதுகாப்பு கட்டாயம். ஆறு அங்குலத்துக்குள் வைக்கச் சொல்வதும் தவழுகிற பிள்ளையையும் படுத்திருக்கிற பிள்ளையையும் அது பார்க்கவேணும் என்பதற்காக. மைத்துனர் வைத்த இடத்தில் அது வௌவாலைத்தான் பார்க்கும்.

கண்களைக் கீழே இறக்கிப் பொருத்திய பிறகு இன்னொன்றும் செய்யுங்கோ. இரண்டுக்கு நாலு அங்குலப் பலகைத் துண்டொன்றை வாசலின் நடுவில் படுக்கப் போட்டுக் கதவை இறக்குங்கோ. பலகையில் முட்டி இரண்டு செக்கனுக்குள் கதவு திரும்பி மேலே போகவேணும். போகாவிட்டால் அந்தக் கதவை மோட்டரில் ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கோ. இந்தச் சோதனையை மாதத்துக்கு ஒருக்கா எல்லாரும் செய்யலாம்.

கேள்வி (பிரம்டன்): நிலத்தைத் தொட்டு, ஒரு செக்கன் நின்று, திரும்ப முழுதாகத் திறக்குது.

இது கண் இல்லை. "இன்னும் கொஞ்சம் கீழே போ" என்று மோட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறது. நிலம் வந்த பிறகும் அது தள்ளுது, தள்ள முடியாமல் போக ஏதோ தடை என்று நினைத்துத் திரும்புது. இறங்கும் தூரத்தைக் கொஞ்சம் குறைக்கவேணும். பழைய மோட்டரில் ஸ்குரூ, புதியதில் பொத்தான். எது எந்தப் பக்கம் என்று மோட்டரின் மூடியிலேயே எழுதியிருக்கும். ஸ்குரூ என்றால் கால் சுற்றுக்கு மேல் ஒரே தரத்தில் திருப்பாதேங்கோ.

பக்கத்தில் விசையைக் கூட்டுகிற இன்னொரு ஸ்குரூ இருக்கும். எல்லாரும் முதலில் அதைத்தான் முறுக்குவார்கள். கதவு பூட்டும், ஆனால் நடுவில் ஆள் நின்றாலும் அமத்திக்கொண்டு பூட்டும். அதைத் தொடாதேங்கோ.

கேள்வி (ஒட்டாவா): வின்டர் வந்தால் மட்டும் பாதியில் நின்று திரும்புது. போன வருஷம் ஒரு காலை கதவு நிலத்தோடு ஒட்டியே போய்விட்டது.

இரண்டும் வேறு. பாதியில் திரும்புவது பழைய கிறீஸ் குளிருக்கு மெழுகாக இறுகுவதால். ரோலர் உருளாது, மோட்டர் அதைத் தடை என்று எண்ணும். ட்ராக்கைத் துணியால் துடைத்து வெறுமையாக விடுங்கோ, அதற்குள் ஒன்றும் பூசவேண்டாம். ரோலரின் பெயரிங், பிணைச்சல், ஸ்பிரிங்கின் மேல்பக்கம், இவற்றுக்கு சிலிக்கோனோ வெள்ளை லிதியமோ உள்ள ஸ்பிரே கொஞ்சமாக அடியுங்கோ. நீல டப்பா டபிள்யூ-டி 40 இதற்குச் சரிவராது, அது அழுக்கைக் கழுவும், நாலு நாளில் காய்ந்துவிடும்.

ஒட்டிப்போனால் மோட்டரை அமத்தி இழுக்கவேண்டாம், அடி ரப்பர் கிழியும். சுடுதண்ணியும் ஊற்றவேண்டாம், அதுவும் உறையும். ஹெயர் டிரையரால் இளக்கி, பிளாஸ்டிக் சுரண்டியால் விடுவியுங்கோ. பிறகு ரப்பருக்கு சிலிக்கோன் பூசுங்கோ. கார் சில்லிலிருந்து விழுகிற ஸ்னோக் கட்டியும் கண்ணுக்கு முன்னால் கிடந்து பூட்டவிடாமல் செய்யும், கால் வைத்துத் தள்ளிவிட்டாலே போதும்.

கேள்வி (நியூ ஜெர்சி): ராத்திரி டமார்னு ஒரு சத்தம். காலையில கதவு அரை அடி தூக்கிட்டு நின்னுடுச்சு. மேல இருக்கிற ஸ்பிரிங்ல ரெண்டு அங்குலம் இடைவெளி தெரியுது. யூடியூப் பாத்து நானே மாத்திடலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் மற்றப் பெரும்பாலானவற்றை நீங்களே செய்து பார்க்கலாம், இதை விடுங்கோ. இரண்டு கார் கதவு 150 இறாத்தலுக்கும் மேலே நிறுக்கும். அந்தப் பாரத்தைத் தாங்குவது அந்த ஸ்பிரிங்கில் முறுக்கி வைத்த பலம்தான், மோட்டர் சும்மா வழிகாட்டுது. முறுக்குகிற கம்பி கை நழுவினால் பல்லோ மணிக்கட்டோ போகும். இருபது வருஷ அனுபவக்காரருக்கு விரல் போனதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

சாதாரண ஸ்பிரிங்கை 10,000 தரம் ஏறி இறங்கும் கணக்கில்தான் செய்கிறார்கள். நாளுக்கு நாலு தரம் என்றால் ஏழு வருஷம்கூட முழுதாக வராது. ஆள் வரும்வரை மோட்டரை அமத்தாதேங்கோ. கதவு திறந்து நிற்கும்போது ஸ்பிரிங் உடைந்தால், மோட்டரிலிருந்து கதவை விடுவிக்கிற சிவப்புக் கயிற்றை இழுக்கவே கூடாது. கதவு முழுப் பாரத்தோடும் கீழே விழும்.

கேள்வி (மிசிசாகா): சுவர்ப் பொத்தான் வேலை செய்யுது, ரிமோட் மட்டும் இல்லை. பற்றரி புதுசு.

சுவர்ப் பெட்டியில் பூட்டுப் படம் போட்ட பொத்தானை யாரோ அமத்தியிருப்பார்கள், ரிமோட் எல்லாம் அடங்கிவிடும். சில விநாடி பிடித்து எடுத்துவிடுங்கோ. அதுவும் இல்லையென்றால் மோட்டருக்குள் மலிவான எல்.இ.டி. பல்ப் போட்டீர்களா? சில பல்புகள் ரிமோட்டின் ரேடியோ அலையைக் குழப்பும். கழற்றிவிட்டு அமத்திப் பாருங்கோ.

கேள்வி (கால்கரி): சென்னையில அப்பா வீட்டு ஸ்லைடிங் கேட் மழை பெஞ்சா பாதியில நிக்குது. அதுக்கும் இதே சென்சார்தானா?

நான் அந்தக் கேட் திருத்துவதில்லை, ஆனால் தத்துவம் ஒன்றுதான். கண்ணில் மழைச்சேறு தெறித்திருக்கும், அதை முதலில் துடைக்கச் சொல்லுங்கோ. கீழ்த் தண்டவாளத்தில் மண்ணும் இலையும் அடைந்திருந்தால் சக்கரம் ஏறாது. பிறகு மெயினை நிறுத்திவிட்டு மோட்டர்ப் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். எறும்பும் பல்லியும் மழைக்கு ஒதுங்கக் காய்ந்த, சூடான இடம் அதுதான். அப்பாவுக்கு வயது என்றால் எலக்ட்ரீஷியன் திறக்கட்டும்.

மார்க்கத்திலிருந்து திரும்பவும்: துடைத்துத் திருப்பினேன் அண்ணை, பச்சை ஆடாமல் எரியுது, இரண்டு நாளாக ஒழுங்காகப் பூட்டுது. புது மோட்டருக்குக் குடுத்த அட்வான்ஸை எப்படித் திரும்ப வாங்குவது?

அது என்னால் திருத்த முடியாத சாமான் தங்கச்சி. ரசீது இருக்குதோ?