பதின்மூன்றாவது வடிவம் உண்டா?

கேள்வி: ஒன்பது வயது மகளிடம் கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, ஐந்து சதுரங்களைப் பக்கத்தோடு பக்கம் முழுமையாகப் பொருந்துமாறு சேர்த்து எத்தனை வடிவங்கள் அமைக்கலாம் என்று கேட்டேன். பதினான்கு வரைந்துவிட்டு, "இன்னும் இருக்கிறதா?" என்கிறாள். முடிந்துவிட்டது என்று எப்படி உறுதியாகச் சொல்வது?

பதில்: அந்தப் பதினான்கில் சில ஒரே வடிவத்தின் மறுவரைவுகளாக இருக்கும். வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். திருப்பினாலும் புரட்டினாலும் பொருந்துபவை ஒன்றே எனக் கொண்டால் 12 வடிவங்கள். புரட்டக் கூடாது என்றால் 18. எந்த விதி என்பதை எண்ணத் தொடங்கும் முன் அவளே முடிவு செய்யட்டும்.

உறுதி கிடைப்பது வரிசைப்படுத்துவதில்தான். ஒவ்வொரு வடிவத்திலும் நேர்க்கோட்டில் அமைந்த மிக நீண்ட வரிசையில் எத்தனை சதுரங்கள் என்று பார்த்துப் பிரியுங்கள். ஐந்து என்றால் 1 வடிவம்; நான்கு என்றால், எஞ்சிய சதுரம் ஓரத்திலோ அதற்கு அடுத்தோ ஒட்டும் என்பதால் 2. மூன்றில்தான் பொறுமை வேண்டும். எஞ்சிய இரண்டும் வரிசையின் ஒரே பக்கத்தைத் தொட்டால் 2, எதிரெதிர்ப் பக்கங்களைத் தொட்டால் 4, ஒன்று மட்டும் வரிசையைத் தொட்டு மற்றது அதன்மேல் தொற்றி நின்றால் 3 என மொத்தம் 9 வரும். ஆனால் ஆங்கில 'டி' எழுத்து போன்ற வடிவம் இரண்டு பிரிவுகளில் தலைகாட்டும், ஆகவே 8. இந்த இரட்டிப்பை நீங்கள் சொல்லிவிடாதீர்கள், அதைத் தானே பிடிக்கும் குழந்தையின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பை இழப்பீர்கள். நீண்ட வரிசை இரண்டே என்றால் படிக்கட்டு வடிவம் மட்டும். பிள்ளைகள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். 1, 2, 8, 1 எனக் கூட்டினால் 12. பதின்மூன்றாவதற்கு இடமே இல்லை.

தடுமாறினால் முதலில் நான்கு சதுரங்களில் இதே முறையைப் பழக்குங்கள். அங்கே 5 வடிவங்கள்தான். ஆறு சதுரங்களுக்கு 35, அதை ஒரே மாலையில் முடிக்க வற்புறுத்த வேண்டாம். எத்தனை சதுரத்துக்கு எத்தனை வடிவம் என்று நேரடியாகச் சொல்லும் சூத்திரம் இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. கணித வல்லுநர்களும் இப்படி ஒழுங்காக எண்ணித்தான் பார்க்கிறார்கள். அந்த 35-இல் 11 வடிவங்களை மடித்தால் கனசதுரமாகும். அவை எவை என்று கத்தரிக்கோலோடு அவள் தேடட்டும்.